ரொக்கம் வாங்க மாட்டோம் என்றால்: வாடிக்கையாளரும் கடைக்காரரும் செய்ய வேண்டியவை

பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் “இது இங்க ஓடாது” என்கிறார் ஒருவர். ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் “ரொக்கம் வாங்கறதில்ல, ஸ்கேன் பண்ணுங்க” என்கிறார் இன்னொருவர். இரண்டும் மறுப்புதான். ஆனால் சட்டத்தில் இரண்டுக்கும் இடம் வேறு, தீர்வும் வேறு. நாணய மறுப்புக்குத் தீர்வு பெரும்பாலும் வங்கியில் கிடைக்கும். ரொக்க மறுப்பில், எந்தக் கட்டத்தில் பணத்தை நீட்டினீர்கள் என்பதை வைத்தே உங்கள் உரிமை முடிவாகும். இது தெரியாமல் கல்லா முன் நின்று “சட்டப்படி குற்றம் தெரியுமா” என்று சத்தம் போட்டால் காரியம் ஆகாது. ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களும், அன்றாடக் கூலியை ரொக்கமாக வாங்குகிறவர்களும்தான் இந்த மறுப்பில் முதலில் அடிபடுகிறார்கள். அவர்களோடு கடைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

நோட்டுக்கு அடிப்படை 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம். அதன் 26-ஆம் பிரிவுப்படி, ரிசர்வ் வங்கி வெளியிட்ட நோட்டு இந்தியாவின் எந்த இடத்திலும் அதில் குறித்த தொகைக்குச் செல்லும். அதற்கு மத்திய அரசு உத்தரவாதம் தருகிறது. நோட்டுகளுக்கு எண்ணிக்கை வரம்பு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை.

நாணயத்துக்கு 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், பிரிவு 6. இதில் வரம்பு உண்டு. 1 ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் மொத்தம் 1000 ரூபாய் வரை செல்லும். 50 பைசா நாணயங்கள் 10 ரூபாய் வரை செல்லும். 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-ஓடு விலக்கப்பட்டுவிட்டன. 50 பைசா இன்றும் செல்லும் என்பதும், 5 ரூபாய் நோட்டு செல்லும் என்பதும் பல கடைக்காரர்களுக்குத் தெரிவதில்லை.

1000 ரூபாய் வரம்பு பலருக்குப் புதிதாக இருக்கும். 2022-ல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொடுத்துக் கார் வாங்கியது பெரிய செய்தியானது. நாணயம் செல்லும் என்று ஊருக்குக் காட்ட அவர் எடுத்த நல்ல முயற்சி அது. ஆனால் விற்பனையாளர் சம்மதித்ததால்தான் அது நடந்தது. 1000 ரூபாய்க்கு மேல் நாணயமாக வாங்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. உண்டியலை உடைத்து 3000 ரூபாய் சில்லறையோடு மிக்ஸி வாங்கப் போகிறவர்கள் முதலில் வங்கிக்குப் போய்விட்டுக் கடைக்குப் போவது நல்லது.

இனி, இல்லாததைப் பார்ப்போம். “சில்லறை வணிகர் ரொக்கத்தை வாங்கியே ஆக வேண்டும், மறுத்தால் இவ்வளவு அபராதம்” என்று நேரடியாகச் சொல்லும் மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1978-லிருந்தே அப்படிச் சட்டம் இருக்கிறது. நியூஜெர்சி 2019-ல் கொண்டுவந்தது. முதல் மீறலுக்கு 2500 டாலர் வரையும் இரண்டாவதற்கு 5000 டாலர் வரையும் அபராதம். நியூயார்க் நகரில் 2020 நவம்பரிலிருந்து கடைகளும் உணவகங்களும் ரொக்கத்தை மறுக்கக் கூடாது, ரொக்கத்துக்குக் கூடுதல் விலையும் வைக்கக் கூடாது. ஆனால் 20 டாலருக்கு மேற்பட்ட நோட்டை மறுக்கலாம். நார்வே 2024 அக்டோபரிலிருந்து ஆள் இருக்கும் கடைகளில் ரொக்கம் செலுத்தும் உரிமையைக் கடுமையாக்கியது.

இங்கே கட்டாயம் எதிர்ப்பக்கமாகத்தான் இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனம் ரூபே டெபிட் கார்டு, யுபிஐ, யுபிஐ கியூஆர் ஆகியவற்றை வைத்தே ஆக வேண்டும். தவறினால் நாளுக்கு 5000 ரூபாய் அபராதம் என்கிறது வருமான வரிச் சட்டம். சுங்கச்சாவடியில் செல்லத்தக்க ஃபாஸ்டேக் இல்லாமல் ரொக்கம் கொடுத்தால் இரட்டைக் கட்டணம் என்று 2025 நவம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்த விதி சொன்னது. அதையே யுபிஐ-யில் கொடுத்தால் 1.25 மடங்கு என்றது. டிஜிட்டலுக்கு இத்தனை சட்டப் பாதுகாப்பு இருக்கும் நாட்டில், ரொக்கத்தை மட்டுமே நம்பி வாழ்கிறவருக்கு ஒரு நேரடிப் பிரிவுகூட இல்லாதது பெரிய குறை. அது வரும்வரை, இருக்கும் சட்டத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியையும் இங்கேயே தள்ளிவிடலாம். நாணயத்தை மறுத்தால் இந்திய தண்டனைச் சட்டம் 124ஏ-யின்படி தேசத்துரோக வழக்கு என்பது தவறு. அந்தப் பிரிவுக்கும் நாணயத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகவே 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது.

பணத்தை எப்போது நீட்டுகிறீர்கள்

“சட்டப்படி செல்லும் பணம்” என்பதற்கு உண்மையான பலம் கடன் ஏற்பட்ட பிறகுதான். அலமாரியில் பொருள் இருக்கிறது, நீங்கள் எடுத்துக் கல்லாவில் வைக்கிறீர்கள். அந்த நொடிவரை விற்பனை முடியவில்லை. கடைக்காரர் “யுபிஐ என்றால் தருகிறேன், இல்லையென்றால் வேண்டாம்” என்று சொல்லலாம். உங்களுக்கு அவரிடம் கடன் எதுவும் இல்லை. அதனால் 26-ஆம் பிரிவைக் காட்டிப் பொருளைப் பெற முடியாது.

ஹோட்டலில் சாப்பிட்டு முடித்த பின், பெட்ரோல் போட்ட பின், முடி வெட்டிய பின், ஆட்டோவில் இறங்கிய பின், மெக்கானிக் வண்டியைச் சரிசெய்த பின் நிலைமை தலைகீழ். சேவை முடிந்துவிட்டது, நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். அப்போது நீட்டும் நோட்டு அந்தக் கடனுக்குச் செல்லும் பணம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 38, இந்த இடத்தில் உங்களுக்குத் துணை. நிபந்தனையில்லாமல், உரிய நேரத்தில், உரிய இடத்தில் நீங்கள் கொடுக்க முன்வந்து எதிர்த்தரப்பு ஏற்கவில்லை என்றால், நிறைவேற்றாத பொறுப்பு உங்கள்மேல் வராது. ஆனால் கடன் அழிந்துவிடாது, பணம் கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதுதான். “காசு கொடுக்காமல் ஓடினார்” என்று உங்களைச் சொல்ல முடியாது என்பதே இதன் பயன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. “இங்கே யுபிஐ, கார்டு மட்டும்” என்ற பலகை வாசலிலோ மெனுவிலோ கண்ணில் படும்படி இருந்து, அதைப் பார்த்தபின் நீங்கள் ஆர்டர் கொடுத்தால், அதை ஒப்புக்கொண்டீர்கள் என்று அவர்கள் வாதிட இடமிருக்கிறது. அதனால் ரொக்கம் மட்டுமே கையில் இருந்தால் உட்காரும் முன், பெட்ரோல் போடும் முன், வண்டி ஏறும் முன் ஒரே கேள்வி கேட்டுவிடுங்கள்: “ரொக்கம் வாங்குவீங்களா?” செயலி வழியாக டாக்சி எடுப்பவர்கள் பதிவு செய்யும்போதே ரொக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், இறங்கும்போது மாற்றச் சொன்னால் ஓட்டுநரோடு சண்டைதான் மிஞ்சும்.

அடுத்தது, சரியான தொகை. பில் 38 ரூபாய் என்றால் நீங்கள் நீட்ட வேண்டியது 38 ரூபாய். 500 ரூபாய் நோட்டை நீட்டி “மீதியைக் கொடு” என்று கேட்பது வழக்கம்தான், ஆனால் மீதி கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கடைக்காரரைக் கட்டவில்லை. “சில்லறை இல்லை” என்பது பாதி நேரம் உண்மையான காரணம். மறுபக்கம், மீதி 3 ரூபாய்க்கு மிட்டாயை நீட்டினால் நீங்கள் வாங்க வேண்டியதில்லை. மிட்டாய் பணம் இல்லை. மிட்டாயை மறுத்து நாணயமாகவே கேளுங்கள்.

சாப்பிட்ட பிறகு ரொக்கத்தை மறுத்தால் செய்ய வேண்டியது இதுதான்:

1. பில்லை அச்சிட்டு வாங்குங்கள். வாய்மொழித் தொகை போதாது.
2. பில் தொகையைப் பைசா பிசகாமல் எண்ணி, மேசையில் வைத்து, “பில் தொகை இதோ, ரொக்கமாகக் கொடுக்கிறேன்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். “டிஸ்கவுண்ட் கொடுத்தால்தான்” போன்ற நிபந்தனை எதுவும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் 38-ஆம் பிரிவின் பாதுகாப்பு போய்விடும்.
3. கேஷியர் மறுத்தால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். “ரொக்கம் வேண்டாம்” என்பது பல இடங்களில் கணக்கு முடித்துவிட்ட கேஷியரின் வசதிக்காகத்தான் இருக்கும்.
4. மேலாளரும் மறுத்தால், பில்லின் பின்பக்கம் “ரொக்கமாகக் கொடுக்க முன்வந்தார், ஏற்கவில்லை” என்று தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். எழுதித் தர அவர்கள் தயங்கும்போது பணத்தை வாங்கிக்கொள்வதே நடக்கும்.
5. அதுவும் நடக்காவிட்டால் உங்கள் பெயர், போன் எண்ணை எழுதிக்கொடுத்து, பில்லைப் படம் எடுத்துக்கொண்டு புகாருக்குப் போங்கள்.

பணத்தை மேசையில் வீசிவிட்டுப் போகாதீர்கள். தொகை குறைந்தது என்று பிறகு சொன்னால் மறுக்க உங்களிடம் ஆதாரம் இருக்காது.

புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. இது சமரச முயற்சி. நிறுவனத்தைத் தொடர்புகொண்டு பதில் வாங்கித் தருவார்கள். கிளைகள் பல உள்ள பெரிய கடைகள் இதற்குப் பதில் தருகின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ரொக்க மறுப்பு என்று சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பதால், உங்களுக்கு ஏற்பட்ட இழப்பையும் அலைச்சலையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். ஒரு காபிக்காக இதற்குப் போவதில் பயனில்லை. மருத்துவமனையில் வெளியேறும்போது ரொக்கத்தை மறுத்து நோயாளியைக் காக்க வைத்தால், போக வேண்டும்.

பத்து ரூபாய் நாணயம்

தமிழ்நாட்டில் அதிகம் நடக்கும் மறுப்பு இதுதான். சில ஊர்களில் டீக்கடையில் ஓடும், பக்கத்து ஊரில் ஓடாது. வதந்திக்குக் காரணம், பத்து ரூபாய் நாணயம் பல வடிவங்களில் வந்தது. 2011-க்கு முந்தையதில் ரூபாய்க் குறியீடு இல்லை, பிந்தையதில் இருக்கிறது. ஒன்றில் ஓரத்தில் 15 கோடுகள், இன்னொன்றில் 10. “15 கோடு போட்டது போலி” என்று யாரோ கிளப்பிவிட, மக்கள் இரண்டையும் சந்தேகப்பட்டார்கள். 2018 ஜனவரி 17-ல் ரிசர்வ் வங்கி தெளிவாக அறிவித்தது: அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும், குறியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். 14440 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து இதையே சொல்லும் பதிவும் வைத்தார்கள். கடைக்காரரிடம் வாதிடுவதைவிட அந்த அழைப்பை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கவைப்பது பலன் தரும்.

ஆனால் கடைக்காரருக்கு வதந்தியில் நம்பிக்கை இருப்பதால் மட்டும் அவர் மறுப்பதில்லை. வாங்கினால் வெளியே போகாது என்பதுதான் அவர் கவலை. வாடிக்கையாளர் வாங்க மாட்டார், சரக்கு போடும் ஏஜென்ட் வாங்க மாட்டார், வங்கிக்குக் கொண்டுபோனால் கவுண்டரில் “எண்ண ஆள் இல்லை, அப்புறம் வாங்க” என்பார்கள். இந்தச் சங்கிலியில் மற்ற எல்லோரையும் சட்டம் தளர்வாகவே பிடித்திருக்கிறது. வங்கியை மட்டும் இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. அழுத்த வேண்டிய இடம் அதுதான்.

வங்கியிடம் கேட்க வேண்டியது

ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி எல்லா வங்கிக் கிளைகளும் எல்லா மதிப்பு நாணயங்களையும் ஏற்க வேண்டும், மாற்றியும் தர வேண்டும். கணக்கில் செலுத்த நாணயத்துக்கு வரம்பு இல்லை; நாணயச் சட்டத்தின் 1000 ரூபாய் வரம்பைக் காட்டி வங்கி உங்கள் வைப்பை மறுப்பது சரியில்லை. மாற்றிக்கொள்ள அந்தக் கிளையில் கணக்கு இருக்க வேண்டியதும் இல்லை.

போகும் முன் கொஞ்சம் தயாரிப்பு இருந்தால் மறுக்கக் காரணம் கிடைக்காது. மதிப்புவாரியாகப் பிரித்து, ஒளிபுகும் பிளாஸ்டிக் பையில் நூறு நூறாகப் போட்டு, மேலே சீட்டு எழுதி ஒட்டுங்கள். நூறு நூறாகப் பையில் போட்டு வாங்குவது கேஷியருக்கும் வாடிக்கையாளருக்கும் வசதி என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்ன வழியேதான். எடைபோட்டு வாங்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் 7.7 கிராம் சொச்சம். நூறு நாணயம் சுமார் 770 கிராம் நிற்கும். இருபது ரூபாய் நாணயம் 8.54 கிராம், நூறு சேர்ந்தால் 854 கிராம். ஒரு ரூபாய் நாணயத்தில் எடைக் கணக்கைக் கடையில் முயற்சி செய்ய வேண்டாம். பழைய 4.85 கிராம், அடுத்து வந்த 3.79 கிராம், 2019 வரிசையின் 3.09 கிராம் எல்லாம் கலந்தே புழங்குகின்றன. கலந்து எடைபோட்டால் நூற்றுக்கு முப்பது நாணயம்கூடத் தவறலாம். வரிசைவாரியாகப் பிரித்தால் மட்டுமே எடை சரிவரும். அதற்கு எண்ணுவதே எளிது.

மாதத் தொடக்கமும் திங்கட்கிழமைக் காலையும் வேண்டாம். செவ்வாய் முதல் வியாழன் வரை, மதியத்துக்குப் பிறகு போங்கள். மறுத்தால் கிளை மேலாளருக்கு இரண்டு பிரதியாக ஒரு கடிதம், ஒன்றில் முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து. வாசகம் இப்படி இருந்தால் போதும்:

“இன்று காலை 11.20 மணிக்கு உங்கள் கிளையின் பணக் கவுண்டரில் 10 ரூபாய் நாணயங்கள் 200, மொத்தம் 2000 ரூபாய், என் கணக்கில் செலுத்தக் கொண்டுவந்தேன். ஏற்கப்படவில்லை. எல்லா மதிப்பு நாணயங்களையும் வங்கிக் கிளைகள் ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இவற்றை ஏற்கும்படியும், இயலாதென்றால் காரணத்தை எழுத்தில் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.”

கடிதம் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் என்ற அவர்களின் புகார் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பதியலாம், உதவிக்கு 14448. வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி இல்லாமல் நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போனால் புகார் திரும்பிவிடும். பலர் தவறுவது இங்கேதான். நாணயம், நோட்டு மாற்றும் சேவையில் குறை வைக்கும் கிளைக்கு ரிசர்வ் வங்கி அபராதம் விதிக்கும் ஏற்பாடு இருப்பதால் மேலாளர்கள் எழுத்துப் புகாரை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைத்தெரு முழுக்க நாணயம் ஓடவில்லை என்றால் தனி ஆளாக அலைய வேண்டாம். வணிகர் சங்கத்தின் பெயரில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனுவில் கடைக்காரர்களைக் குற்றம் சொல்லாமல், எந்தெந்த வங்கிக் கிளை எந்தத் தேதியில் மறுத்தது என்று எழுதி, முன்னோடி வங்கி மேலாளரிடம் விசாரிக்கக் கேளுங்கள். மாவட்டத்தில் வங்கிகளை ஒருங்கிணைப்பவர் அவர்தான்.

கிழிந்தது, கறைபட்டது, கிறுக்கியது

கடையில் மறுக்கப்படும் நோட்டுகளில் பெரும்பகுதி உண்மையில் செல்லும் நோட்டுகள். பேனாவால் எண் எழுதிய நோட்டு செல்லும். நட்சத்திரக் குறி போட்ட எண்ணுள்ள நோட்டும் செல்லும். அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக வந்தது அது. ஆனால் அரசியல், மத வாசகம் எழுதிய நோட்டை மாற்றித் தர மறுக்கலாம். அதைக் கையில் வாங்கும்போதே தவிர்த்துவிடுங்கள்.

அழுக்கான நோட்டு, இரண்டாகக் கிழிந்து இரு துண்டும் ஒரே நோட்டினுடையதாக, எதுவும் விடுபடாமல் இருக்கும் நோட்டு ஆகியவற்றை எந்த வங்கிக் கிளையும் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 நோட்டு, 5000 ரூபாய் மதிப்பு வரை கவுண்டரிலேயே. ஒரு பகுதி காணாமல் போன நோட்டுக்குக் கணக்கு வேறு. 20 ரூபாய் வரையிலான நோட்டில் மிஞ்சிய பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை பாதி மதிப்பு, 40-க்குக் கீழே எதுவுமில்லை. புதிய 500 ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம், பரப்பு 99 சதுர செ.மீ. 80 சதுர செ.மீ. மிஞ்சினால் 500 ரூபாய், 40 மிஞ்சினால் 250. நீளவாட்டில் அளந்தால் சுமார் 12 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு வேறு நோட்டுகளின் துண்டுகளை ஒட்டி ஒன்றாக்கினால் முழுவதும் நிராகரிக்கப்படும். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், கெட்டியான பழுப்பு டேப்பும் வேண்டாம். எண்ணை மறைத்தால் கேஷியரால் தீர்மானிக்க முடியாது. தீயில் கருகி உதிரும் நோட்டுகளை வங்கிக் கிளை பார்க்காது. சென்னை ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். 2000 ரூபாய் நோட்டும் இப்போது அங்கேதான். 2023-ல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டாலும் அதன் மதிப்பு போகவில்லை. நேரில் போக முடியாதவர்கள் அஞ்சல் வழியாக அனுப்பிக் கணக்கில் வரவு வைக்கலாம்.

கடைக்காரர்களுக்கு

ரொக்கத்தை விட்டுவிட்டால் எண்ணும் வேலை மிச்சம் என்று நினைப்பது புரிகிறது. ஆனால் 2025 ஏப்ரல் 12 போல யுபிஐ நாடு முழுக்கத் தடுமாறிய நாளில் கல்லாவில் சில்லறை இருந்த கடைதான் வியாபாரம் பார்த்தது. ரொக்கம் வாங்கும் கடைக்கு முதல் தேவை தினமும் காலையில் நிற்கும் சில்லறை. சிறு மளிகைக் கடைக்கு நாங்கள் சொல்லும் கணக்கு: 100 ரூபாய் 10, 50 ரூபாய் 10, 20 ரூபாய் 30, 10 ரூபாய் 50, 5 ரூபாய் 40, 2 ரூபாய் 50, 1 ரூபாய் 50. மொத்தம் 2950 ரூபாய். இரவு கல்லா முடிக்கும்போது இந்த 2950-ஐ முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியை எண்ண வேண்டும். மாற்றிச் செய்தால் காலையில் ஐநூறுகளோடு நிற்பீர்கள்.

சில்லறை எங்கே கிடைக்கும்? பணப் பெட்டகம் உள்ள வங்கிக் கிளையில் நாணயம் இருப்பில் இருக்கும். உங்கள் கிளையிடமே எந்தக் கிளை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்து நடத்துநர்களும் கோயில் கடைகளும் நாணயத்தை மாற்ற ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏடிஎம்-களில் 90 சதவீதம் 2026 மார்ச் 31-க்குள் ஏதாவது ஒரு பெட்டியில் 100 அல்லது 200 ரூபாய் நோட்டு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 500 எடுக்க வேண்டிய இடத்தில் 400-ஆக எடுத்துப் பாருங்கள்.

போலி நோட்டுப் பயத்தில் ஐநூறை மறுக்கும் கடைகள் நிறைய. ஐந்து நொடிச் சோதனை போதும். நோட்டைச் சாய்த்தால் நடுவிலுள்ள பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். வலதுபக்கம் கீழே உள்ள 500-ம் அப்படியே மாற வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஐந்து சாய்கோடுகள் விரலில் தட்டுப்பட வேண்டும். எண்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் காந்தியின் நீர்க்குறிப் படமும் 500 என்ற எண்ணும் தெரிய வேண்டும். சந்தேகம் என்றால் வாங்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிவிட்டு வங்கியில் தெரிந்தால் நோட்டு முத்திரை குத்திப் பறிமுதல், மதிப்பும் போய்விடும். ரசீது மட்டும் தருவார்கள். ஒரே தடவையில் நான்கு வரை என்றால் வங்கி போலீசுக்கு அனுப்பும் மாத அறிக்கையில் சேரும், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் போலீசில் வழக்கு. போலி என்று தெரிந்தபின் அடுத்த வாடிக்கையாளர் தலையில் கட்டுவது குற்றம். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு நிறுத்துவதே சரி.

பெரிய தொகையில்தான் மறுத்தே ஆக வேண்டிய இடம் வருகிறது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே விற்பனைக்காக, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. நகைக்கடை, மரச்சாமான் கடை, திருமண மண்டபக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்று 1.20 லட்சம், நாளை 1 லட்சம் என்று பிரித்து வாங்கினாலும் விற்பனை ஒன்றுதான் என்பதால் தப்ப முடியாது. அபராதம் வாங்கியவருக்கு, வாங்கிய முழுத் தொகைக்குச் சமமாக. சரக்குக்குக் கொடுக்கும்போதும் வரம்பு உண்டு: ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. கல்லாவில் சேரும் ரொக்கத்தை மொத்த வியாபாரிக்கு அப்படியே கொடுத்துத் தீர்க்கும் பழக்கம் உள்ளவர்கள், அதை வங்கியில் கட்டிவிட்டுக் காசோலையாகக் கொடுக்க வேண்டும்.